விரலைப் பார்க்கும் திரை

வீட்டிலேயே செய்துகொள்ளும் பல்தொடுதிரை பெரும்பாலும் ஒரு மேசை வடிவில்தான் இருக்கும். மேற்பலகையின் இடத்தில் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகடு, மரப்பெட்டிக்குள் ஒரு வெப்கேமும் ஒரு புரொஜெக்டரும், பக்கத்தில் ஒரு கணினி. புரொஜெக்டர் கீழிருந்து படத்தைத் தகட்டின்மேல் வீழ்த்துகிறது. அதே தகட்டைக் கேமரா கீழிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. விரல் பட்ட இடம் கேமராவின் படத்தில் ஒரு வெளிச்சப் பொட்டாகத் தெரியும். இரண்டு விரல் வைத்தால் இரண்டு பொட்டு, நான்கு பேர் சுற்றி நின்று இரு கையும் வைத்தால் நாற்பது பொட்டு. அந்தப் பொட்டுகளை எண்ணி, இடம் குறித்து, அடுத்த நொடிக்கூறில் எது எங்கே நகர்ந்தது என்று சொல்வதுதான் மென்பொருளின் வேலை.

கைபேசித் திரை வேறு வகை. அதன் கண்ணாடிக்கு அடியில் இண்டியம் டின் ஆக்சைடு போன்ற, கண்ணுக்குத் தெரியாத மின்கடத்தியால் கோடுகள் வரையப்பட்டிருக்கும். விரல் நெருங்கும்போது அங்கே மின்தேக்குத்திறன் மாறுவதை ஒரு சில்லு அளக்கிறது. அத்தகைய மெல்லிய படலத்தைப் பூசவும் கோடுகளாக அரித்தெடுக்கவும் தொழிற்சாலை வேண்டும். தொடுதலைக் கேமராவுக்குத் தெரிகிற காட்சியாக மாற்றிவிட்டாலோ, தச்சுவேலையும் கொஞ்சம் சால்டரிங்கும் தெரிந்தவரே ஒரு மேசையைச் செய்துவிடலாம்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் நிமிஷ் மேத்தா என்ற ஆய்வு மாணவர் 1982-லேயே மங்கலான கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்துப் பல விரல்களைக் கண்டறிந்தார். ஆனாலும் இது பொதுமக்கள் கவனத்துக்கு வந்தது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் ஹான் 2005-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைக்குப் பிறகுதான். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கலிபோர்னியாவில் நடந்த டெட் மாநாட்டில், புகைப்படங்களைப் பத்து விரலாலும் இழுத்துப் பெரிதாக்கி அவர் காட்டினார். அப்போது ஐபோன் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. ஹான் கையாண்ட முறை எளிது, செலவும் குறைவு. அதே 2006-இல் தோன்றிய நூயி குரூப் என்ற திறந்தமூலக் குழுவினர் அதை உலகெங்கும் வீட்டுக் கொட்டகைகளுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த முறையின் அடிப்படை, பள்ளிப் பாடத்தில் வரும் முழு அக எதிரொளிப்பு. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.49, அதனால் அதன் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42 பாகை. தகட்டின் ஓரம் வழியாக உள்ளே விட்ட ஒளி, மேற்பரப்பையும் கீழ்ப்பரப்பையும் அதைவிடச் சாய்வாகத் தாக்குவதால் வெளியே வர வழியின்றி, உள்ளுக்குள்ளேயே மோதி மோதி மறுமுனைக்குப் போய்விடுகிறது. மேலிருந்து பார்த்தாலும் கீழிருந்து பார்த்தாலும் தகடு இருண்டே கிடக்கும். அந்தப் பரப்பில் விரலை அழுத்தினால் நிலைமை மாறுகிறது. தோல் ஒட்டிய இடத்தில் காற்று இல்லை. தோலின் ஒளிவிலகல் எண் காற்றினுடையதைவிட அதிகம். சிறைப்பட்ட ஒளி அந்த இடத்தில் மட்டும் கசிந்து விரலில் பட்டுச் சிதறுகிறது. சிதறிய ஒளியில் ஒரு பகுதி கீழே இறங்கிக் கேமராவுக்கு வந்து சேர்கிறது. பரப்புக்கு வெளியே இந்த ஒளியின் தாக்கம் எட்டும் தூரம் ஏறக்குறைய ஓர் அலைநீளம்தான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே விரல் மயிரிழை தள்ளி நின்றாலும் பொட்டு தோன்றாது. கைரேகைக் கருவிகளில் ஒரு வகை இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாக இருக்க வேண்டும். தகட்டின்மேல் புரொஜெக்டரின் படம் ஓடிக்கொண்டிருக்கிறதே. சாதாரணக் கேமரா வைத்தால் படத்தில் வரும் வெள்ளைச் சட்டையையும் விரல் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் 850 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு எல்இடிகள் தகட்டின் இரண்டு நீள ஓரங்களிலும், இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பதிக்கப்படுகின்றன. 80 சென்டிமீட்டர் நீளமுள்ள தகட்டுக்கு அறுபதுக்கும் மேல் தேவைப்படும். ஒவ்வொன்றும் சுமார் 1.5 வோல்ட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட் மின்வழங்கியில் ஆறு எல்இடிகளைத் தொடராக இணைத்ததுபோக 3 வோல்ட் மிஞ்சும். 100 மில்லி ஆம்பியருக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த 33 ஓம் மின்தடை போதும். ஆனால் அந்த மின்தடையில் கால் வாட்டுக்குச் சற்று அதிகமான வெப்பம் எழும் என்பதால் அரை வாட் மின்தடையே போட வேண்டும். கால் வாட் போட்டால் அளவுக்கு மீறிச் சூடாகும். எல்இடி எரிகிறதா என்று வெறும் கண்ணால் சரியாகத் தெரியாது. பல கைபேசிகளின் முன்பக்கக் கேமராவில் பார்த்தால் ஊதாப் புள்ளியாகத் தெரியும், டிவி ரிமோட்டின் நுனி தெரிவதுபோல.

தகடு எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் கை ஊன்றும்போது நடுவில் தொய்யும். அறுத்த ஓரம் சொரசொரப்பாக இருந்தால் ஒளி உள்ளே நுழையாமல் அங்கேயே சிதறும். ஆகவே தண்ணீர் தொட்டு, முரட்டு உப்புத்தாளில் தொடங்கி மிக நைசான தாள்வரை தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்குகிறார்கள். மொத்த வேலையிலும் பொறுமையைச் சோதிப்பது இதுதான். இதைத் தவிர்க்க நினைத்தவர்களின் மேசைகளில் நடுப்பகுதி எப்போதும் மந்தமாகவே இருக்கும்.

அடுத்த சிக்கல் விரலின் ஈரம். வியர்வை கசிந்த விரல் பளிச்சென்று தெரியும். காய்ந்த விரல் அக்ரிலிக்கோடு சரியாக ஒட்டாது, இழுக்கும்போது பொட்டு விட்டுவிட்டு மின்னும். இதற்காக ட்ரேசிங் பேப்பர் போன்ற தாளின் அடிப்பக்கத்தில் நெகிழும் சிலிக்கோன் ரப்பரைக் கரைப்பானில் நீர்க்கக் கலந்து, பெயின்ட் ரோலரால் சிறு சிறு மேடுகளாகப் படியும்படி உருட்டி, காய்ந்தபின் தகட்டின்மேல் விரிக்கிறார்கள். அழுத்தாதபோது மேடுகளுக்கிடையே காற்று இருக்கும். அழுத்தினால் சிலிக்கோன் தகட்டில் ஒட்டி ஒளியை வெளியே இழுக்கும். கையெடுத்ததும் விட்டுவிட வேண்டும். ரப்பர் அதிகம் பிசுபிசுத்தால் விரல் போனபிறகும் பொட்டு மறையாமல் நிற்கும். அதே தாள் புரொஜெக்டரின் படம் விழும் திரையாகவும் பயன்படுகிறது.

வெப்கேம்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் சிறு கண்ணாடி ஒன்று லென்சுக்குப் பின்னால் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, மாறாக அகச்சிவப்பை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்த வேண்டும். காசு செலவழிக்க விரும்பாதவர்கள், வெளிச்சம் பட்டுக் கழுவப்பட்ட வண்ண நெகட்டிவ் சுருளின் கறுப்புத் துண்டை இரண்டாக மடித்து வைப்பார்கள். பழைய ஃபிளாப்பியின் உள்வட்டும் ஓரளவு இந்த வேலையைச் செய்யும். சோனி பிளேஸ்டேஷன் 3-க்காக வந்த ஐ கேமரா இந்த வட்டாரத்தில் பெரும் புகழ் பெற்றது: குறைந்த விலையில், 640-க்கு 480 பிக்சல் படங்களை நொடிக்கு 60, பாதித் தெளிவில் 120 என்று அது தரும். இந்த வேகம் எதற்கு என்பது மென்பொருளுக்கு வரும்போது தெரியும்.

வேறு ஒளியமைப்புகளும் உண்டு. சிலிக்கோன் வேலைக்குத் துணியாதவர்கள், பெட்டிக்குள்ளிருந்தே அகச்சிவப்பு விளக்குகளை மேல்நோக்கி அடித்து, தகட்டில் விரலால் திரும்பும் ஒளியைப் படம்பிடிக்கிறார்கள். 2007-இல் அறிவிக்கப்பட்ட மைக்ரோசாப்ட் சர்ஃபேஸ் மேசை ஐந்து கேமராக்களுடன் இந்த வழியில்தான் இயங்கியது. அடியில் குறியீடு ஒட்டிய பொருள்களையும் இம்முறையில் அடையாளம் காணலாம். ஆனால் பெட்டி முழுக்க ஒளியைச் சமமாகப் பரப்புவது பெரும்பாடு. மூன்றாவது வழி, பரப்புக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே அகச்சிவப்பு லேசரை விசிறிபோல் விரிப்பது. படம் துல்லியமாக வரும். ஆனால் அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமையும் மூடாது, விழித்திரைதான் பொசுங்கும். உரிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வீட்டில் செய்யக்கூடாத வேலை இது.

எந்த முறையானாலும் வெயில் பொது எதிரி. சூரிய ஒளியிலும் குண்டு பல்பிலும் அகச்சிவப்பு நிறையவே உண்டு. டியூப்லைட்டிலும் எல்இடி பல்பிலும் குறைவு.

மென்பொருளின் முதல் வேலை கழித்தல். யாரும் தொடாதபோது எடுத்த ஒரு படத்தைப் பின்னணியாக வைத்துக்கொண்டு, வரும் ஒவ்வொரு படத்திலிருந்தும் அதைப் பிக்சல் பிக்சலாகக் கழித்துவிடும். ஜன்னலிலிருந்து வரும் நிலையான மங்கல் வெளிச்சம் இதில் போய்விடும். மிஞ்சியதைச் சற்று மழுக்கி இரைச்சலை நீக்கி, ஒரு வரம்பு வைக்கிறார்கள்: அதற்கு மேலுள்ள பிக்சல் வெள்ளை, கீழுள்ளது கறுப்பு. ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் வெள்ளைப் பிக்சல்களைச் சேர்த்தால் ஒரு பொட்டு. மிகச் சிறியதைத் தூசு என்றும், மிகப் பெரியதை ஊன்றிய உள்ளங்கை என்றும் தள்ளிவிடலாம். ஓப்பன்சிவி என்ற திறந்தமூல நூலகத்தில் இவை எல்லாவற்றுக்கும் தயார்நிலைச் செயல்கூறுகள் இருப்பதால், பைத்தானில் சில பத்து வரிகளில் இதுவரை வந்துவிடலாம். 80 சென்டிமீட்டர் அகலத்தை 640 பிக்சல் பார்க்கிறது என்றால் ஒரு பிக்சலுக்கு 1.25 மில்லிமீட்டர். பொட்டின் நடுப்புள்ளியை, அதிலுள்ள பிக்சல்கள் அனைத்தின் சராசரியாகக் கணக்கிடும்போது அதைவிட நுட்பமான இடமும் கிடைக்கும்.

பொட்டைக் கண்டுபிடிப்பதைவிட, அது யாருடைய தொடர்ச்சி என்று சொல்வதுதான் கடினம். முந்தைய படத்தில் மூன்று பொட்டுகள், இப்போதும் மூன்று; இவற்றில் எது எது? எளிய விதி, மிக அருகில் இருப்பதே அது என்று கொள்வது. ஆனால் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கையை வீசி இழுத்தால், நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் இரண்டு படங்களுக்கிடையே விரல் 3.3 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பக்கத்து விரலோ இரண்டு சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. நடுவிரல் இருந்த இடத்தில் ஆள்காட்டி விரல் வந்து நிற்க, மென்பொருள் ஆள்மாறாட்டத்துக்கு ஆளாகும். நொடிக்கு 120 படம் என்றால் நகர்வு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. குழப்பம் அநேகமாகத் தீர்ந்துவிடும். வேகமான கேமரா கிடைக்காவிட்டால், பொட்டின் முந்தைய வேகத்தை வைத்து அடுத்து எங்கே இருக்கும் என்று ஊகித்து, அந்த இடத்துக்கு அருகில் தேடலாம்.

இழுக்கும் விரல் ஒரு படத்தில் மட்டும் மறைந்து மீண்டும் தோன்றினால், கணினி அதை இரண்டு தனித்தனித் தட்டல்களாக எண்ணிவிடும். பொட்டு காணாமல்போனாலும் இரண்டு, மூன்று படங்கள்வரை பொறுத்திருந்து பார்த்துவிட்டே விரல் எடுக்கப்பட்டது என்று அறிவிப்பது வழக்கம். பொறுமைக்கு விலையும் உண்டு: நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் மூன்று படம் காத்திருந்தால் பத்தில் ஒரு நொடி தாமதம். கைக்கு அது தெரியும்.

இனி கேமராவின் பிக்சலைத் திரையின் இடத்தோடு பொருத்த வேண்டும். கேமரா சாய்ந்திருக்கலாம், அகலக்கோண லென்சில் நேர்கோடு பீப்பாய்போல் புடைத்துத் தெரியும். அதனால் நான்கு மூலைகளோடு நிறுத்தாமல், திரையில் வலைபோல இருபது, முப்பது குறிகளைக் காட்டி ஒவ்வொன்றையும் தொடச் சொல்கிறார்கள். இரண்டு குறிகளுக்கு இடைப்பட்ட இடங்களைக் கணக்குப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம். பெட்டியை யாராவது காலால் இடித்துவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொட வேண்டியதுதான்.

இவ்வளவையும் ஒரு நிரல் செய்ய, படத்தையும் விளையாட்டையும் காட்டுவது வேறொரு நிரல். இரண்டுக்கும் இடையிலான பொதுமொழி டியூயோ. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் உருவான ரியாக்டபிள் என்ற இசைமேசைக்காக இது 2005-இல் வகுக்கப்பட்டது. விரலின் எண், இடம், வேகம் ஆகியவற்றை இது வலையமைப்பு வழியே சிறு செய்திகளாக அனுப்புகிறது. இடம் பிக்சலில் சொல்லப்படுவதில்லை; இடது ஓரம் 0, வலது ஓரம் 1 என்ற விகிதத்தில் வருகிறது. ஆகவே எந்த அளவுத் திரைக்கும் பொருந்தும். வேகத்துக்காக, செய்தி போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்காத யூடிபி முறை பயன்படுகிறது. அதனால் ‘ஐந்தாம் விரல் எடுக்கப்பட்டது’ என்ற செய்தி வழியில் தொலைந்தால் அந்த விரல் என்றென்றைக்கும் திரையிலேயே நின்றுவிடும். இதைத் தவிர்க்க, டியூயோ அப்படி ஒரு செய்தியையே அனுப்பாமல், இப்போது உயிரோடிருக்கும் விரல்களின் பட்டியலை ஒவ்வொரு முறையும் முழுதாக அனுப்புகிறது. பட்டியலில் இல்லாதது போய்விட்டது என்று பொருள். ஒரு செய்தி தவறினாலும் அடுத்தது சரிசெய்துவிடும். சிறிய யோசனை, ஆனால் நல்ல யோசனை.

கடைசி அடுக்கு, விரல்களுக்குப் பொருள் சொல்வது. ஒரு புகைப்படத்தின்மேல் இரண்டு விரல்கள் இருக்கின்றன என்றால், இடைவெளி எத்தனை மடங்கானதோ அத்தனை மடங்கு படம் பெரிதாக வேண்டும். இரண்டையும் இணைக்கும் கோடு எத்தனை பாகை திரும்பியதோ அத்தனை பாகை படம் திரும்ப வேண்டும். நடுப்புள்ளி நகர்ந்த அளவு படமும் நகர வேண்டும். மூன்றையும் சரியாகச் செய்தால், விரலுக்கு அடியில் இருந்த முகம் விரலுக்கு அடியிலேயே இருக்கும். இதில் புதியவர்கள் சறுக்குமிடம் கோணம்: 179 பாகையிலிருந்து இரண்டு பாகை முன்னே போனால் கணக்கு மைனஸ் 179 என்று விடை தரும், படம் முழுச்சுற்று அடித்துத் திரும்பவும் கூடும். வித்தியாசம் 180-ஐத் தாண்டினால் 360-ஐக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். பைத்தானில் எழுதுவோருக்கு, டியூயோ செய்திகளை நேரடியாக வாங்கிக்கொள்ளும் கிவி என்ற திறந்தமூலக் கட்டமைப்பில் இந்தக் கணக்குகள் முன்பே எழுதப்பட்டிருக்கின்றன. தொடுவது யாருடைய கை என்பது மட்டும் இவ்வகை மேசைக்குத் தெரியாது. மிட்சுபிஷி ஆய்வகம் 2001-இல் காட்டிய டைமண்ட்டச் மேசைக்கு அது தெரிந்தது; உட்காருபவரின் நாற்காலி வழியாகவே அது மின்குறிப்பைப் பெற்றது.

முதல் முயற்சிக்கு அக்ரிலிக்கும் எல்இடியும் வேண்டியதில்லை. ஒரு அட்டைப்பெட்டி, மேலே படச்சட்டத்தின் கண்ணாடி, அதன்மேல் ஒரு வெள்ளைத்தாள், பெட்டியின் அடியில் மாற்றம் எதுவும் செய்யாத வெப்கேம் போதும். தாளில் படமெதுவும் வீழ்த்த முடியாது. கணினித் திரையைப் பார்த்துக்கொண்டேதான் தொட வேண்டும். அறை வெளிச்சத்தில் விரல் பட்ட இடம் கறுப்பு நிழலாகக் கேமராவில் விழும். மேலே சொன்ன மென்பொருள் அப்படியே இதற்கும் பொருந்தும். கழிக்கும் முன் படத்தின் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றிக்கொள்ள ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.