பரணில் கிடக்கும் கணினிக்கு ஒரு வேலை

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 அன்று அளவில்லாத இலவசச் சேமிப்பை நிறுத்தியது. அதன்பின் ஏற்றும் படங்கள் எல்லாம், ஜிமெயிலும் டிரைவும் ஏற்கெனவே பங்குபோட்டுக்கொண்டிருக்கும் 15 ஜிபி கணக்கில் விழுகின்றன. ஒரு கல்யாண வீடியோவை முழுசாக ஏற்றினாலே பெரும்பகுதி போய்விடும். மீதிக்கு மாதச் சந்தா. கட்டுவதில் தவறில்லை, ஆனால் ஒரு குடும்பத்தின் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் இடம் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மாற்று, வீட்டிலேயே ஒரு சேமிப்பு சர்வர். பெயர்தான் பெரிசு. ரூட்டரோடு கேபிளில் இணைந்த ஒரு கணினி, அதற்குள் பெரிய ஹார்டு டிஸ்க், அவ்வளவுதான். சைனாலஜி, கியூநேப் போன்ற நிறுவனங்கள் இதையே அடக்கமான பெட்டியாக விற்கின்றன. பெரும்பாலான பெட்டிகளின் விலையில் டிஸ்க் சேராது.

பெட்டிக்குச் செலவழிக்கத் தேவையே இல்லாத காலம் இது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத, ஆனால் நன்றாக ஓடக்கூடிய கணினிகள் பல வீடுகளில் பரணுக்குப் போய்விட்டன. கோப்புகளை வாங்கி வைத்துக்கொள்ளும் வேலைக்கு அவற்றின் வேகம் தாராளம். டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்ட ஓப்பன்மீடியாவால்ட் என்ற சேமிப்பு சர்வர் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கென ஒரு சின்ன எஸ்எஸ்டி ஒதுக்கி நிறுவிவிட்டால், பிறகு மானிட்டரும் கீபோர்டும் வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் இன்னொரு கணினியின் பிரவுசரிலிருந்தே செய்யலாம். டிரூநாஸும் நல்ல மென்பொருள்தான். ஆனால் அது குறைந்தது 8 ஜிபி ரேம் கேட்கும்.

விண்டோஸ் கணினிக்கு இந்த லினக்ஸ் டிஸ்க் சாதாரண ஃபோல்டராகத் தெரியக் காரணம் சாம்பா என்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் மாணவராக இருந்தபோது தொடங்கியது அது. மாறிய பகுதியை மட்டும் பார்த்து நகலெடுக்கும் ஆர்சிங்க்கையும் 1996-ல் பால் மெக்கராஸுடன் சேர்ந்து அவரே உருவாக்கினார். வீட்டு சர்வரின் பாதி வேலை இந்த ஒரு மனிதரின் தோளில் நடக்கிறது என்றால் மிகையில்லை.

இலவசமாக வந்த கணினிக்கு மின்கட்டணத்தில் விலை கொடுக்க நேரலாம். சும்மா இருக்கும்போது 50 வாட் இழுக்கும் பழைய மேசைக் கணினி இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். அதில் கணிசமான பகுதியை இந்த ஒரு பெட்டியே விழுங்கிவிடும். 10 வாட்டில் அடங்கும் ராஸ்பெரி பை போன்ற குட்டிக் கணினி என்றால் அதே இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்டுக்குள் முடியும். பழைய கணினிதான் இருக்கிறது என்றால் பயாஸில் நேரம் குறித்து, இரவில் இரண்டு மணி நேரம் மட்டும் விழிக்கவைக்கலாம். காப்பு நகலுக்கு அது போதும். பழைய லேப்டாப்பும் மோசமில்லை. கரண்ட் போனால் அதன் பேட்டரியே தாங்கும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அந்த யோசனையை விட்டுவிட வேண்டும்.

ரூட்டரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ள ரூட்டரில் 1 டிபி தகவல் போய்ச்சேர ஒரு நாள் முழுக்க ஆகும். கிகாபிட் போர்ட்டில் இரண்டரை மணி நேரத்தில் முடியலாம்.

மிச்சமான பணம் டிஸ்குக்குப் போகட்டும். கணினி பழையதாக இருக்கலாம். டிஸ்க் புதிதாக இருக்க வேண்டும். ஒன்றல்ல, இரண்டு. இங்கேதான் பலர் ரெய்டு பக்கம் சாய்கிறார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் 1988-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையால் பரவிய முறை இது. அதன் எளிய வடிவத்தில் இரண்டு டிஸ்கிலும் ஒரே தகவல் ஒரே நேரத்தில் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது ஓடும். அலுவலகத்துக்கு அருமை. வீட்டில் நடப்பதோ வேறு: கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அது இரண்டு டிஸ்கிலும் அந்த நொடியே அழியும். பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் பூட்டினாலும் இரண்டும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். எனவே இரண்டாவது டிஸ்கைத் தனியாக வைத்து, ஆர்சிங்க் மூலம் இரவுதோறும் தேதிவாரியாக நகலெடுப்பதே வீட்டுக்குச் சரி. செவ்வாய்க்கிழமை அழிந்தது திங்கட்கிழமை நகலில் இருக்கும்.

நகல் இருக்கிறது என்ற நம்பிக்கை வேறு, நகல் இருப்பது வேறு. பிக்ஸார் நிறுவனம் 1998-ல் இதைப் படித்தது. 'டாய் ஸ்டோரி 2' தயாரிப்பில் யாரோ கொடுத்த ஒரு அழிப்புக் கட்டளையால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி காணாமல் போனது. காப்பு நகலை எடுக்கப் போனால், அது சரியாகப் பதிவாகவே இல்லை. நகலை யாரும் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சூஸ்மனின் வீட்டுக் கணினியில் இன்னொரு நகல் இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய ஸ்டுடியோவை அன்று காப்பாற்றியது ஒரு வீட்டுக் கணினி.

வெளியூரிலிருந்து படம் பார்க்க ஆசைப்பட்டு சர்வரை நேராக இணையத்துக்குத் திறந்துவிடுவது ஆபத்து. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய மை புக் லைவ் சாதனங்களுக்குள் இணையம் வழியே புகுந்தவர்கள், உரிமையாளர்களின் தகவலைத் துடைத்தே எடுத்தார்கள். 2015-க்குப் பிறகு அவற்றுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வந்திருக்கவில்லை. வெளியிலிருந்து வரத்தான் வேண்டுமென்றால் வயர்கார்டு, டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் வழியாக வரலாம்.

இத்தனைக்கும் பிறகு, ஒரே அறையில் இருக்கும் இரண்டு டிஸ்கும் ஒரே திருட்டில் போகும். 2015 டிசம்பரில் சென்னையில் வந்ததுபோல் வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் ஒரே தண்ணீரில் மூழ்கும். மூன்றாவதாக ஒரு வெளி டிஸ்கைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி அக்கா வீட்டிலோ அலுவலக மேசையிலோ வைத்துவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை கொண்டுவந்து புதுப்பிக்கலாம்.

சர்வரை அமைத்த வாரமே ஒரு சோதனை ஃபோல்டரில் பத்துப் படங்களைப் போட்டு, அன்றிரவு நகல் ஓடியதும் வேண்டுமென்றே அழித்துவிட்டு, நகலிலிருந்து திரும்ப எடுத்துப் பாருங்கள். பத்தும் திறந்தால், அதன் பிறகு போனில் இருப்பதை ஒவ்வொன்றாக அங்கே மாற்றத் தொடங்கலாம்.