நெஞ்சைக் கரிக்கிறதா? ஈனோவைத் தேடுமுன் இதைப் படியுங்கள்



“நெஞ்சுல தீய வச்சாப்பல இருக்கு. கேஸ்ட்ரிக்தான், வேற ஒண்ணுமில்ல.”

இந்தப் பேச்சைக் கேட்காத லயம் உண்டா? தோட்டத்தை விட்டு வெளியேறிக் கிள்ளானிலும் காப்பாரிலும் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் நம் குடும்பங்களிலும் இதே பேச்சுதான். பசியில் வயிறு கிள்ளினாலும் கேஸ்ட்ரிக். ஏப்பம் வந்தாலும் கேஸ்ட்ரிக். முதுகைப் பிடித்தாலும் கேஸ்ட்ரிக். ஒரே பெயருக்குள் மூன்று நான்கு நோய்களை நாம் மூட்டை கட்டி வைத்திருக்கிறோம். அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே அவிழ்த்துப் பார்ப்போம். சாப்பிட்டது மேலே எதுக்களித்து வந்து நெஞ்சைச் சுடுகிறதே, அந்த நோய். வந்தால் வருஷக் கணக்கில் கூடவே இருக்கும். அடியோடு போகாவிட்டாலும் அடக்கி வைக்கலாம்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாரடைப்பும் சில சமயம் நெஞ்செரிச்சல் மாதிரியே வரும். “காத்து புடிச்சிக்கிச்சு” என்று கோடாலித் தைலத்தைத் தேய்த்துவிட்டுப் படுத்தவர் விடியும்போது எழுந்திருக்காத வீடுகள் நம்மிடையே உண்டு. நெஞ்சை அமுக்குவது போன்ற வலி, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்கல், குலை தூக்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ வந்து நின்றால் குறையும் வலி, இவற்றில் எது இருந்தாலும் கேஸ்ட்ரிக் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். 999க்குப் போன் செய்யுங்கள். மோட்டார் சைக்கிளைத் தனியாக ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலி சரியாகத் தெரியாமல் வெறும் வயிற்றுப் பிரட்டல், களைப்பு என்றுகூட மாரடைப்பு வரலாம். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், இந்நாட்டு இந்தியர்களில் வயது வந்தோர் 100 பேரில் 31 பேருக்குச் சர்க்கரை இருந்தது. ஆகவே இது யாரோ ஒருவர் வீட்டுக் கதை அல்ல.

இப்போது நெஞ்செரிச்சலுக்கு வருவோம்.

நாம் விழுங்கும் சோறு சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்குள் இறங்குகிறது. இரைப்பை தினமும் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் சாறு சுரக்கிறது. அதில் இருப்பது கடுமையான ஆசிட். பால்மரம் வெட்டிய பழைய ஆட்களுக்கு, பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட் கையில் பட்டால் எப்படி எரியும் என்று சொல்லித் தரத் தேவையில்லை. இது வேறு ஆசிட், ஆனால் குணம் அதுதான். இரைப்பையின் உள்சுவரில் வழவழப்பான ஒரு பூச்சு இருப்பதால் அது தாங்கிக்கொள்கிறது. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறது. சுருக்குப் பையின் வாய் மாதிரி ஒரு தசை வளையம். விழுங்கும்போது திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். இந்தக் கதவு தளர்ந்து போவதுதான் நோய். வயிறு முட்டத் தின்றால் தளரும். கொழுப்பும் எண்ணெயும் மிகுந்தால் தளரும். சிகரெட், சம்சு, பீர் எல்லாம் தளர்த்தும். தொப்பை கீழிருந்து நெருக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கடைசி மாதங்களில் வருவதும் இப்படித்தான், அது பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் போய்விடும். சிலருக்கு இரைப்பையின் மேல்பாகமே நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் நழுவியிருக்கும். அவர்களுக்குக் கதவு எப்போதும் அரைகுறையாகத்தான் மூடும்.

எல்லோருக்கும் நெஞ்சு எரிய வேண்டும் என்பதில்லை. காலையில் எழுந்ததும் வாயில் புளிச்ச தண்ணி, கரகரத்த தொண்டை, ராத்திரி படுத்ததும் வரட்டு இருமல் என்றும் வரும். மாதக் கணக்கில் இருமல் மருந்து குடித்தும் நிற்காத இருமலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

இந்த நோய் நம்மவர்களைக் கூடுதலாகப் பிடிக்கிறது என்பது வெறும் பேச்சு அல்ல. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில், வயிற்றின் மேற்பகுதித் தொல்லையோடு வந்த 1,000 பேரைக் குழாய் விட்டுப் பார்த்து, பேராசிரியர் கோ கியான் லீயும் அவருடைய சக மருத்துவரும் 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று மூவினத்தாரும் அதில் இருந்தார்கள். ஆசிட்டினால் உணவுக்குழாய் புண்ணாகும் வாய்ப்பு இந்தியர்களுக்கு அதிகம் என்று தெரிந்தது. குடிப்பழக்கமும் அதைக் கூட்டியது. இன்னொன்றும் தெரிந்தது: நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குழாயில் புண் எதுவுமே தெரியவில்லை. ஆனால் எரிச்சல் உண்மை. ஆகவே “குழா விட்டுப் பார்த்தாங்க, ஒண்ணுமில்லன்னுட்டாங்க, இது சும்மா மனப்பிராந்தி” என்று வீட்டில் யாரையும் ஏளனம் செய்யாதீர்கள்.

பிறப்பை மாற்ற நம்மால் ஆகாது. சாப்பிடும் வேளையை மாற்றலாம். நம்மவர் ஒருவரின் ஒரு நாளைக் கொஞ்சம் பாருங்கள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் கோப்பி ஓ. பெரட்டுக்குப் போய், அப்படியே நிரைக்குள் இறங்கிவிடுவார். பத்து மணிக்கு அகோரப் பசி. நாசி லெமாக்கோ ரொட்டி சானாயோ அவசர அவசரமாக உள்ளே போகும். கை கழுவிய ஈரம் காயுமுன் குனிந்து உதிரிப் பழம் பொறுக்க வேண்டும். நிறைந்த வயிற்றோடு இடுப்பை மடித்துக் குனிவது, தண்ணீர்ப் பையை நடுவில் அமுக்குவதற்குச் சமம். மேலே வராமல் என்ன செய்யும்? மத்தியானம் எடைக் கணக்கை நினைத்துச் சாப்பாட்டைத் தள்ளிப் போடுவார். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தட்டு நிறைய சோறு, நாடகம், உடனே படுக்கை. ஷா ஆலாம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் பிள்ளைக்கும், கிள்ளானில் இரவுக் காவலுக்குப் போகும் அப்பாவுக்கும் மணிதான் வேறு, கதை இதே.

என்ன செய்யலாம்? பெரட்டுக்குப் போகுமுன் நாலு பிஸ்கட்டோ ஒரு இட்லியோ சாப்பிட்டுவிட்டுக் கோப்பி குடியுங்கள். பத்து மணிச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்து, பாதியைப் பிறகு சாப்பிடுங்கள். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் நிமிர்ந்து செய்கிற வேலையைச் செய்ய முடியுமா என்று மண்டோரிடம் கேட்டுப் பாருங்கள். குனிய வேண்டியிருந்தால் இடுப்பை மடிக்காமல் முழங்காலை மடக்குங்கள், முதுகுக்கும் அது நல்லது. பெல்ட்டையும் கைலி முடிச்சையும் இறுக்க வேண்டாம். அம்மாமார்களே, பாவாடை நாடாவையும்தான்!

“சாப்பிட நேரம் எங்கே குடுக்குறாங்க?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60ஏ பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 30 நிமிட ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரை வேலை வாங்கக்கூடாது என்று அது சொல்கிறது. ஆள் நகரக்கூடாத தொடர் வேலையில் எட்டு மணி நேரம் வரை போகலாம், ஆனால் அதற்குள் சாப்பிட வசதியாக மொத்தம் 45 நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். இந்த ஓய்வு கிடைக்காதவர்கள் தங்கள் கிளைச் செயலாளரிடம் தேதியோடு எழுதிக் கொடுங்கள். வயிற்று நோய்க்கு இப்படியும் ஒரு மருந்து உண்டு.

ராத்திரிதான் இந்த நோய்க்குக் கொண்டாட்டம். படுத்துவிட்டால் ஆசிட் மேலே வர ஏணி வேண்டியதில்லை. கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். முடியாத நாளில் ராத்திரிச் சாப்பாட்டையாவது பாதியாக்குங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல்லோ கட்டையோ வைத்து ஆறு முதல் எட்டு அங்குலம் உயர்த்துங்கள். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளைகளால் வந்தது. கோலாலம்பூர் கட்டடங்களுக்குப் போன செங்கல், நம் தலைமாட்டுக்கும் இரண்டு வரட்டுமே! தலையணையை மேல் மேல் அடுக்குவதில் பலனில்லை, கழுத்தும் வயிறும் மடங்கி இன்னும் நெருக்கும். தரையில் படுப்பவர்கள் மெத்தையின் தலைப்பக்கம் முழுவதும் சரிவாக வரும்படி அடியில் போர்வைகளை மடித்து வையுங்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. அப்படிப் படுத்தால் இரைப்பை கீழேயும் கதவு மேலேயும் இருக்கும். வலது பக்கம் படுத்தால் தலைகீழ்.

சாப்பாட்டு விஷயத்தில் எல்லோருக்கும் பொதுவான பத்தியம் கிடையாது. ஒருவருக்குச் சம்பால் ஆகாது, மற்றவருக்கு அது ஒன்றும் செய்யாது. பொரித்தது, கெட்டித் தேங்காய்ப்பால் குழம்பு, புளிப்பு, காரம், கோப்பி, கேஸ் பானங்கள், சாக்லேட் ஆகியவை பலருக்குத் தொல்லை தருகின்றன. இரண்டு வாரம் நோட்டில் குறித்து வாருங்கள். எது சாப்பிட்ட ராத்திரி எரிந்தது என்று தெரிந்துவிடும், அதை மட்டும் குறையுங்கள். மிண்ட் மிட்டாய் வாய்க்குக் குளிர்ச்சிதான், ஆனால் கதவைத் தளர்த்தக்கூடியது. “சூடா பால் குடி, அடங்கும்” என்பார்கள். கொஞ்ச நேரம் அடங்கும். பிறகு அந்தப் பாலே ஆசிட்டைச் சுரக்க வைக்கும். பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை வாழையிலைச் சாப்பாட்டை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது தடவை சோறு வாங்காமல், சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடந்தால் போதும். தொப்பை உள்ளவர்கள் நாலைந்து கிலோ குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

மருந்துகளில் மூன்று படி உண்டு. ஈனோ, கிளினிக்கில் தரும் வெள்ளை மருந்து எல்லாம் ஏற்கெனவே சுரந்த ஆசிட்டை முறிப்பவை. சீக்கிரம் கேட்கும், சீக்கிரம் போய்விடும். ஈனோவில் உப்புச் சத்து அதிகம். இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தினமும் அதைக் குடிக்கக்கூடாது. வெள்ளை மருந்தையும் மற்ற மாத்திரைகளையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேரம் தள்ளி எடுங்கள்.

இரண்டாவது படி, ஆசிட் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரைகள். இவற்றில் முதலாவதான சிமெட்டிடின் 1976இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு வழி கண்ட ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இளமையில் படிப்புக் கடனை அடைக்கச் சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். 1988இல் நோபல் பரிசு பெற்றார். இதே வகையைச் சேர்ந்த ரனிடிடின் மாத்திரை, அதில் கெட்ட கலப்பு கண்டதால் 2019, 2020ஆம் ஆண்டுகளில் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டது. அலமாரியில் பழையது கிடந்தால் தின்ன வேண்டாம்.

மூன்றாவது, ஒமெப்ரஸோல், பான்டோப்ரஸோல் வகை. பலமானவை இவைதான். ஆனால் பலர் தப்பாகச் சாப்பிடுகிறார்கள். எரியும்போது போட்டால் உடனே கேட்காது. காலைச் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். சாதாரணமாக நாலு முதல் எட்டு வாரம் கொடுப்பார்கள். “சரியாப் போச்சு” என்று ஒரே நாளில் நிறுத்தினால் ஆசிட் திரும்பிப் பாயும், டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறையுங்கள். இருதயத்துக்கு குளோபிடோக்ரல் சாப்பிடுபவர்கள், ஒமெப்ரஸோல் எடுக்குமுன் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாது.

இடுப்பு வலிக்கு வாங்கும் மாத்திரைகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். போன்ஸ்டன், வோல்டாரன் போன்றவற்றை வெறும் வயிற்றில் நாள்தவறாமல் போட்டால் இரைப்பையில் புண் வரும், இரத்தமும் கசியும். ‘நாட்டு மருந்து’ என்று பொட்டலத்தில் விற்கும் வலி மாத்திரைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி பறந்துவிடுகிறது என்றால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

கறுப்பாகத் தார் போல மலம் போனால், இரத்த வாந்தி எடுத்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சோறு தொண்டைக்குக் கீழே சிக்குகிறது, காரணமில்லாமல் உடம்பு இளைக்கிறது, மருந்து சாப்பிட்டும் மாதக் கணக்கில் எரிகிறது என்றால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். நாட்டின் குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளிதான். தேவைப்பட்டால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற இடத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். குழாய் விட்டுப் பார்ப்பதற்குப் பயப்பட வேண்டாம். சுண்டு விரல் பருமன்தான். தொண்டையை மரக்கச் செய்துவிட்டு, கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். முந்தின நாள் ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடக்கூடாது. ஆகவே சர்க்கரைக்கு மருந்தோ ஊசியோ போடுபவர்கள், அன்று காலை அதை என்ன செய்வது என்று தேதி வாங்கும்போதே நர்சிடம் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள்.