ஆளைக் காட்டும் ஆக்காட்டி

அம்பத்தூர் ஏரிக்கரையிலோ ஆவடி பருத்திப்பட்டு ஏரியோரத்திலோ விடிகாலையில் நடந்து பாருங்கள். நம் தலை தெரிந்ததுமே ஒரு பறவை கத்திக்கொண்டு கிளம்பும். கறுத்த கழுத்து, நெடிய மஞ்சள் கால், கண்ணை ஒட்டிச் சிவந்த சதைமடல். நூல்களில் இதன் பெயர் சிவப்பு மூக்கு ஆள்காட்டி, ஊர்ப்பேச்சில் ஆக்காட்டி. ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால் வந்த பெயர். இரவில் இது கத்தினால் யாரோ வருகிறார்கள் என்பார்கள். அந்த நம்பிக்கை வீணல்ல. ஆக்காட்டி இரவிலும் விழித்திருந்து இரை தேடும் பறவை.

சங்கப் பாடல்களில் வரும் கணந்துள் இதுதான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். குறுந்தொகையில் அது வழிப்போக்கர்களை எச்சரிக்கிறது; நற்றிணையில் வேடன் விரித்த வலைக்கு அஞ்சிக் கூவுகிறது. கிராமங்களில் பாடும் ஆக்காட்டிப் பாட்டிலும் அதே வலை. குஞ்சுகளுக்கு இரை தேடிப் போன தாய் அதில் மாட்டிக்கொண்டு அழுகிறது. ஏட்டில் இருந்த வலை எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பாட்டிலும் இருப்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைக்கிறது.

வானம் இடிந்து விழுந்தால் தாங்கிக்கொள்ள, இது மல்லாந்து காலைத் தூக்கியபடி தூங்கும் என்று வடநாட்டில் ஒரு கதை உண்டு. உண்மையில் ஆக்காட்டி அப்படித் தூங்குவதில்லை. ஆனால் அதன் வாழ்வு முழுக்கத் தரையில்தான். பின்விரல் மிகச் சிறியது. கிளையைப் பற்ற உதவாது.

கூடு என்று தனியாக எதுவும் கட்டாது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, வெறுந்தரையில் ஒரு சிறு பள்ளம். சுற்றிலும் சில கூழாங்கற்கள், ஆட்டுப் புழுக்கை. அதில் பெரும்பாலும் 4 முட்டைகள். மண்நிறத்தில் கரும்புள்ளி தெளித்தவை என்பதால் ஓரடி தள்ளி நின்றாலும் கண்ணில் படாது. பூந்தமல்லி வரை பெருகியிருக்கும் காலி மனைகளில் கொட்டிக் கிடக்கும் ஜல்லியும் அதற்கு நல்ல இடம்தான். மிதிபடும் ஆபத்தும் அங்கேதான் அதிகம். மாடு வந்தால் சிறகை விரித்து எதிரே நிற்கும். நாய் வந்தால் தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து விரட்டும். நம்மைப் பார்த்துக் கத்துவதும் இதற்காகத்தான். அந்த நேரத்தில் இரண்டடி பின்வாங்கிக் காலடியைப் பார்ப்பது நல்லது.

அடைகாக்க ஏறக்குறைய 4 வாரம். சித்திரை வெயிலில் முட்டை வெந்துவிடாதா? தாயும் தந்தையும் மாறி மாறி நீருக்குப் போய், வயிற்றிறகை நனைத்துக்கொண்டு, அந்த ஈரத்தோடு வந்து முட்டைகளின் மேல் அமர்கின்றன.