ஆரத்தித் தட்டும் அமிலமும்

சென்ற ஆண்டுத் தேர்வுக்கு முன் ஒரு ஞாயிறன்று, திருநெல்வேலியிலிருந்து நம் அன்னையார் தொலைபேசியில் பேத்தியை அழைத்து, "என்ன பாடம் அம்மா படிக்கிறாய்?" என்று வினவினார். எட்டாம் வகுப்பிற் பயிலும் மகள், "சயின்ஸ், ஆச்சி, ஆசிட், பேஸ்" என்றாள். "அப்படியென்றால் என்ன?" என்றார் ஆச்சி. மகள் நம்மைப் பார்த்தாள். நாம் சுவரைப் பார்த்தோம். பத்தாம் வகுப்போடு பள்ளியை முடித்துக் கொல்கத்தாவில் இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்த நமக்கு, அன்று பயின்ற சொற்கள் உடனே நாவில் வரவில்லை. ஆச்சி பேச்சை மாற்றி, மழை பெய்ததா என்று கேட்டார். அது நம்மை உறுத்திற்று.

அன்றிரவே நினைவைக் கிளறி, அமிலம், காரம் என்னும் இரு சொற்களை மகளுக்கு எழுதிக் கொடுத்தோம். மறுநாள் உணவுக்கு அமர்ந்தபோது அவள் கேட்டாள்: "அப்பா, புளி அமிலம், மிளகாய் காரம். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் வரும் என்று புத்தகத்தில் இருக்கிறதே. அப்படியானால் இரசத்தில் அம்மா ஏன் தனியாக உப்புப் போடுகிறாள்?"

நகைத்துவிட்டோமேயன்றி, குழந்தையின் மேற் பிழையில்லை. ஒரே சொல் அடுக்களையில் ஒரு பொருளும் ஆய்வுக்கூடத்தில் வேறொரு பொருளும் தருகின்றது. மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் என்னும் பொருள் வேதியியலார் கூறும் காரமன்று. முடிச்சை அவிழ்த்தவர் ஆச்சியே. "மிளகாய்க்கு உறைப்பு என்றல்லவா நாங்கள் சொல்வோம்? காரம் சவுக்காரத்தில் இருப்பது" என்றார். சோப்பு என்று நாம் சொல்லப் பழகிய பொருளின் பழைய பெயரிலேயே பாடம் ஒளிந்திருந்தது!

சொல் விளங்கிய பின் சோதனை எளிது. மஞ்சள்நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். நம் இல்லங்களில் மணமக்களுக்குச் சுற்றும் ஆரத்தி அதுதான். அதில் எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாகப் பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும். மஞ்சட்கறை படிந்த வெள்ளைச் சட்டை சோப்புப் பட்டதும் சிவப்பது எதனால் என்று இல்லத்தரசியார் கேட்ட கேள்விக்கும் அன்றே விடை கிடைத்தது. அமிலத்தையும் காரத்தையும் நிறத்தால் காட்டிக்கொடுக்கும் இத்தகைய பொருளுக்கு நிறங்காட்டி என்று பெயர். ஆங்கிலப் பெயரை மகள் முன்பே மனப்பாடம் செய்திருந்தாள். பொருள் விளங்கியது தட்டைக் கண்ட பின்னரே.

இச்சொற்கள் தாமே முளைத்தவை அல்ல. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிரீன் என்னும் அமெரிக்கர், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவர் முயற்சியால் 1875-இல் கெமிஸ்தம் என்ற வேதியியல் நூலும் வெளிவந்தது. 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் கண்டனர். பின்னர்த் திண்ணை ரசாயனம் என்ற நூலையும் அவர் எழுதினார். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் 1954 முதல் 1968 வரை வெளியாயின. எல்லாச் சொல்லும் தூய தமிழென்று நாம் வாதிட வரவில்லை. அமிலம் வடமொழி அம்லத்தின் உறவு. வங்காளமும் இந்தியும் படிக்கும் நம் பிள்ளைகட்கு அது அயலன்று. திசு என்பதோ ஆங்கிலச் சொல்லே வேட்டி கட்டி வந்தது. இலங்கைத் தமிழர் அதனை இழையம் என்பர். நமக்கு அதுவே இனிக்கின்றது.

உயிரியலுக்கு வாழைப்பூவினும் நல்ல ஆசான் இல்லை. ஆய்கையில் நாம் எடுத்தெறியும் கள்ளன் இருக்கிறானே, தலை பருத்து விறைத்து நிற்பவன், அவன்தான் பூவின் சூல்தண்டும் சூல்முடியும். சூல் என்ற சொல் தெரிந்த வீட்டிற் சூல்பைக்கு விளக்கம் எதற்கு? இல்லத்தரசியார் ஒரு பூவை ஆய்ந்து முடிப்பதற்குள் இரண்டு பக்கப் பாடம் முடிந்துவிட்டது.

நிலவியல் மட்டும் அடுக்களைக்குள் அடங்கவில்லை. தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று எழுதிப் பார்த்த மகள், "எங்கே போய்ப் பார்ப்பது?" என்றாள். கொல்கத்தாவோ கங்கை கொணர்ந்த வண்டல் மண்மேல் அமர்ந்த நகரம். அலுவலக நண்பர் ஒருவர் வழிகாட்ட, செயின்ட் ஜான் தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கே 1693-இல் மறைந்த ஜாப் சார்னக் என்னும் ஆங்கில வணிகரின் கல்லறை உள்ளது. அதன் கல் சென்னையை அடுத்த பல்லாவரப் பகுதியைச் சேர்ந்தது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893-இல், தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலார் அக்கல்லை ஆராய்ந்து, சார்னக்கின் பெயராலேயே சார்னகைட் என்று பெயரிட்டார். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காணும் அப்பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்பர்.

மகள் நெடுநேரம் அதனைப் பார்த்து நின்றாள். "இந்தக் கல்லும் நம்மைப் போல மெட்ராசிலிருந்துதான் வந்ததா, அப்பா?" என்றாள். மாலையில் அவளே ஆச்சியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கருங்கல் என்று சொல்லேன்" என்றார்.