செந்நாய்க்கும் வரும் நம் நாயின் நோய்

பாலக்காட்டில் பரம்பிக்குளம் காடு இருக்கிறது. இடுக்கியில் சின்னாறு காடு. இரண்டிலும் செந்நாய்கள் கூட்டமாக வாழ்கின்றன. நம் வீட்டு நாய் அவற்றுக்கு உறவு. அதனால் நோயும் தொற்றும்.

டிஸ்டெம்பர் நோய் கண்ட நாய்க்குக் காய்ச்சல் வரும். கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகும். வலிப்பும் வரலாம். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. பலவற்றின் உடலில் இந்தக் கிருமி இருந்தது. சிங்கத்தையே விடவில்லை!

பார்வோ நோய் 1978-இல்தான் கண்டறியப்பட்டது. வாந்தியும் இரத்தக் கழிச்சலும் வரும். கிருமி மலத்தோடு மண்ணில் விழும். பல மாதம் அழியாது. அந்த வழியே செந்நாயும் வரும்.

இவை இரண்டும் மனிதருக்குத் தொற்றாது. அதனால்தான் நாம் கவனிப்பதில்லை. வெறிநோய்த் தடுப்பூசி இவற்றைத் தடுக்காது. இவற்றுக்கு வேறு ஊசி. குட்டிக்கு ஆறு, எட்டு வாரம் ஆனதும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். செத்த நாயைக் காட்டோரம் வீசாமல் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.