பத்தரை மணியும் ஒரு டின் பீரும்

வானொலியில் இரவுப் பணி முடிந்து கடைக்குள் நுழைகிறேன். மணி 10.31. பீர் அடுக்கிய குளிர்பெட்டிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. 2015 ஏப்ரல் 1 முதல் இதே கதைதான். இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை மது வாங்கிச் செல்ல முடியாது. புளோக்கின் கீழ்த்தளம் போன்ற பொது இடங்களில் குடிக்கவும் கூடாது. மீறினால் 1,000 வெள்ளி வரை அபராதம். ஆல்கஹால் 0.5 விழுக்காட்டைத் தாண்டினாலே சட்டத்தின் கண்ணில் அது மது!

தேக்காவில் கணக்கே வேறு. சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கவே தடை. தீபாவளிக்கு முதல் நாள் மாலை 7 மணிக்கே அது தொடங்கிவிடும். 2013 டிசம்பர் 8 கலவரத்துக்குப் பின் வந்த கட்டுப்பாடு இது. ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, மதுவையும் ஒரு காரணமாகச் சுட்டியது. பஃபலோ ரோட்டில் வசிக்கும் என் அத்தைக்கு, பாட்டில் உருளாத ஞாயிற்றுக்கிழமைகள் பெரிய நிம்மதி.

ஆனால் அதே ஞாயிறு மாலை, பக்கத்து உணவகத்தில் உட்கார்ந்து நான் பீர் குடிக்கலாம். வெளியே புல்தரையில் கட்டுமான ஊழியர் ஒருவர் டின்னைத் திறந்தால் குற்றம். உணவக விலை அவருக்குக் கட்டுப்படியாகாது. போன வாரம் அங்கே நான் பார்த்தவர் கையில் 100 பிளஸ் இருந்தது.