கழிந்த நேரத்தைச் செக்கன்களாக மாற்றுதல்

மாணவர்களே, 2:00:35 என்று எழுதியிருந்தால் இரண்டு மணித்தியாலம் முப்பத்தைந்து செக்கன் என உங்களுக்கு உடனே விளங்கும். கணினிக்கு விளங்காது. அதற்கு இது ஏழு வரியுருக்களைக் கொண்ட ஒரு சரம் மட்டுமே.

கென்யாவின் கெல்வின் கிப்டும் 2023 இல் சிக்காகோ மரதனை 2:00:35 நேரத்தில் ஓடி முடித்தார். உகண்டாவின் ஜேக்கப் கிப்லிமோ 2021 இல் லிஸ்பனில் அரை மரதனை 57:31 இல் ஓடினார். இவ்விரண்டையும் சரங்களாகவே ஒப்பிட்டால் 2:00:35 தான் சிறியது என்று கணினி விடை தரும். முதல் வரியுருவை மட்டும் பாருங்கள்: 2 ஆனது 5 இலும் சிறியதல்லவா! ஆகவே, ஒப்பிடுவதற்கு முன்னர் இரண்டையும் செக்கன்களாக மாற்ற வேண்டும்.

பெரும்பாலான மாணவர்கள் முதற் பகுதியை 3600 ஆலும் இரண்டாவதை 60 ஆலும் பெருக்கி, மூன்றாவதை அப்படியே கூட்டுவர். 2:00:35 இற்கு இது சரியான விடையைத் தரும். ஆனால் 57:31 இல் இரண்டு பகுதிகளே உள்ளன. 57 மணித்தியாலம் எனக் கருதப்பட்டு 207060 செக்கன் என்று விடை வரும். செய்நிரல் பிழைச்செய்தி எதுவும் காட்டாது. அதனால்தான் இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம்.

பின்வரும் போலிக்குறி இரண்டு வகைக்கும் பொருந்தும். முதலில் முக்காற்புள்ளி உள்ள இடங்களில் சரத்தைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் நிறையெண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள்.

மொத்தம் = 0
இடமிருந்து வலமாக ஒவ்வொரு பகுதிக்கும்
    மொத்தம் = மொத்தம் × 60 + பகுதி
மீள்செயல் முடிவு
மொத்தத்தைக் காட்டு

2:00:35 இற்கு மொத்தத்தின் பெறுமானம் முறையே 2, 120, 7235 என மாறும். 57:31 இற்கு 57, 3451 என மாறும். 3600 என்ற எண்ணை எங்கும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். 60 ஆல் இரு தடவை பெருக்கும்போது அது தானாகவே வந்துவிடுகிறது. கணிதம் என்றால் பயப்படுபவர்கள் கொப்பியில் ஒரு தடவை செய்து பாருங்கள், விளங்கும்.

மாறியின் வகையையும் கவனிக்க வேண்டும். 16 பிற் நிறையெண் மாறி ஒன்றில் சேமிக்கக்கூடிய மிகப் பெரிய பெறுமானம் 32767. அதாவது 9:06:07 வரைதான். அடுத்த செக்கனுக்கு அதில் இடமில்லை. நீண்ட நேரங்களுக்கு 32 பிற் வகையைப் பயன்படுத்துங்கள்.

பயிற்சி: 7269 செக்கனை மீண்டும் மணித்தியாலம், நிமிடம், செக்கனாக மாற்றும் போலிக்குறியை எழுதுக. வெளியீடு 2:1:9 என வந்தால் புள்ளி இல்லை. 2:01:09 என்றே வரவேண்டும்.